ஸோஷாவுக்கு முடி இறக்கும் வாரம்

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடுகிறது, பெய்யத்தான் துப்பில்லை. பத்திரிகை வைத்து முடிந்தது. பழங்காநத்தத்தில் மட்டும் நாற்பது வீடு. முழங்கால் வலி.

மருமகள் ஆன்யாவின் அண்ணன் மாரெக் வந்து சேர்ந்தார். போலந்திலிருந்து மூன்று விமானம் மாறி, பேத்திக்குத் தாய்மாமன் மடி கொடுக்க. ஆறடிக்கு மேல் ஆள். வந்ததும் வாசல் நிலையில் 'டம்'. என் வீட்டுக்காரி செல்வி பதறிவிட்டாள். "ஆத்தீ, வாரதுமே இடிச்சுக்கிட்டாரே. செத்த உக்காரச் சொல்லுங்க."

பேத்தி மாமன் தோளை விட்டு இறங்கவில்லை. நான் "மீனாட்சி" என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டே கால் வயதுக்கு இம்புட்டுப் பிடிவாதம். என் ரத்தம்தான், வேறென்ன. அவர்கள் வைத்த பெயர் ஸோசாவோ ஸோஷாவோ, வாயில் நுழையவில்லை. பத்திரிகையில் மீனாட்சி என்று மட்டும் போட்டுவிட்டேன். மகன் கார்த்திக் முனகினான். அச்சடித்தாயிற்று, இனி முனகி என்ன?

வாங்க வேண்டியது: சந்தனம். தாம்பாளம் இரண்டு. மாமனுக்கு வேட்டி (கணுக்காலைத் தொடுமா?). பி.பி. மாத்திரை.

செப்டம்பர் 1, திங்கள்

வெயில். முடி எடுப்பவரிடமும் காது குத்தும் ஆசாரியிடமும் பேசியாச்சு. வியாழன் காலை எட்டு மணிக்கு இருவரும் சமயநல்லூர் தாண்டி நம் குலசாமி கோயிலுக்கு நேரே வந்துவிடுவார்கள்.

இது சும்மா வேண்டுதல் இல்லை. ஏழாம் மாதமே பிறந்த பிள்ளை. நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள். இங்கே இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? பிழைத்தால் முதல் முடி உனக்கு என்று கருப்பசாமியிடம் நேர்ந்தேன். பிழைத்தாள்.

நாலு மணிக்கு வழக்கம்போல் சம்பந்தியின் வீடியோ கால். ஆன்யாவின் அப்பா. எண்பத்தேழு வயது. காலையில் சாப்பிட்டது மறந்துவிடும், சின்ன வயதில் நடந்தது மறக்காது என்பாள் ஆன்யா. மனிதரைச் சிரிக்கவைப்போமே என்று, கார்த்திக்குக்கு மொட்டை போட்ட அன்று எடுத்த போட்டோவைக் காட்டினேன். என் மச்சினன் மடியில், கையைக் காலை அமுக்கிப் பிடித்திருக்க, வாயைப் பிளந்து அழுகிறான். தலை முழுக்கச் சந்தனம். பிறகு பேத்தியைக் காட்டி, என் தலையில் கத்தி இழுப்பதுபோல் விரலால் இழுத்து, "தேர்ஸ்டே!" என்றேன்.

போனில் அவர் முகம் போய், கூரை மட்டும் தெரிந்தது. பிறகு கட்டாகிவிட்டது.

ஆன்யா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கார்த்திக் என் மேல் பாய்ந்தான்.

"ஏப்பா, கொஞ்சமாச்சும் யோசிச்சீங்களா?"

"என்னத்தடா யோசிக்க? மொட்டைன்னு அவுககிட்ட நீ சொல்லலையா?"

"காது குத்துன்னுதான் சொன்னேன். மொட்டைய இங்க வந்து பக்குவமாச் சொல்லிக்கிறலாம்னு இருந்தேன்."

பக்குவமாம். ஒரு வருடம் மென்று முழுங்கியிருக்கிறான். நன்றாகத் திட்டினேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. குழம்பு மிச்சம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாரெக் வெளியே போகலாம் என்றார். கார்த்திக், நான், அவர். வண்டியூர் தெப்பக்குளம். படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவர் இங்கிலீஷில் சொல்ல, எனக்குப் பிடிபடாததைக் கார்த்திக் தமிழில் சொன்னான்.

அவர் அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. ஜெர்மன் பட்டாளம் விடியற்காலையில் ஊரை வளைத்திருக்கிறது. கிளம்பப் பத்து நிமிடம். அடுப்பில் பால் இருந்ததாம். இவர்கள் வீட்டில் வேறு ஆட்களைக் குடிவைத்துவிட்டார்கள். முள்வேலி போட்ட முகாமில் அடைத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முடியையும் கண்ணையும் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். வெளுத்த முடி, நீலக் கண் என்றால் தனியாக. ஜெர்மன்காரப் பிள்ளையாக வளர்க்கவாம். ஊரும் மாறிவிடும், பெயரும் மாறிவிடும். அவர் தங்கைக்கு மூன்று வயது. பொன் நிற முடி. மொட்டையடித்து ரயிலில் ஏற்றிவிட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தாய் ஒரே சத்தமாகக் கத்தினாளாம், "பேர மறந்துராத, பேர மறந்துராத" என்று.

கிடைக்கவே இல்லை. சண்டை முடிந்தபின் எழுதிப் போடாத ஆபீஸ் இல்லை. போன வருடம்கூட ஒரு கடுதாசி போட்டிருக்கிறார். எண்பத்தாறு வயதில்.

"அந்தத் தங்கச்சி பேரு என்ன?" என்று நானாகத்தான் கேட்டேன்.

கார்த்திக் என்னைப் பார்க்காமல் சொன்னான். "ஸோஷா. அவர் கேட்டுக்கிட்டதுனாலதான்ப்பா நம்ம பாப்பாவுக்கு அந்தப் பேர வச்சோம்."

அந்தப் பெயரைத்தான் நான் பத்திரிகையில் விட்டுவிட்டேன். தலைக்கும் தேதி குறித்து, நாற்பது வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எழுந்து போய்ப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். மாரெக் இரண்டு டம்ளர் குடித்தார். "குட், குட்."

செப்டம்பர் 3, புதன்

தூறல். மாத்திரை போட மறந்துவிட்டேன்.

பெரியண்ணனுக்குப் போன் போட்டு, மொட்டை வேண்டாம் என்று யோசிக்கிறேன் என்றேன். "நேந்ததச் செய்யலைன்னா சாமி குத்தமாயிரும்டா. புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று வைத்துவிட்டார்.

அதுதான் பயம். எழுதவே கை வரவில்லை. அந்த நாற்பது நாளும் போன் அடித்தால் செல்வியைத்தான் எடுக்கச் சொல்வேன். நேர்ந்ததைச் செய்யாமல் விட்டு, நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட நான் தாங்கமாட்டேன். செய்தாலோ, அங்கே அந்த மனுஷன் தாங்கமாட்டார்.

செல்வி கீரை ஆய்ந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள். "பொம்பளப் புள்ளைக்குப் பூமுடி போதும். மூணு இணுக்குக் கத்தரிச்சுச் சாமிக்குப் போடுங்க. நேந்தது யாரு, நீங்கதான? முழு மொட்டைய நீங்க போடுங்க. அங்க என்ன பெருசா இருக்குன்னு யோசிக்கிறீக?"

முப்பது வருடமாக வாரிப் பாதுகாத்த முடி. இவளுக்கு இளக்காரம்.

ஆன்யாவிடம் நானே போய்க் கேட்டேன். மூன்று விரலைக் காட்டி, கத்தரிக்கோல்போல் அசைத்தேன். "மாமா, மூணு. சரி" என்றாள். அழுதிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

நல்ல வெயில். வேட்டி மாரெக்கின் கணுக்காலைத் தொடவில்லை. கோயிலில் பெண்கள் எல்லாரும் சிரிப்பு.

மாமன் மடியில் பிள்ளை. பூசாரி மூன்று இணுக்கு முடியைக் கத்தரித்தார். உள்ளங்கையில் வாங்கினேன். சோளக்கதிர் நார் மாதிரி. சாமி காலடியில் வைத்தேன். மன்னித்துக்கொள்ளப்பா, மிச்சத்துக்கு நான் இருக்கிறேன் என்றேன். காது குத்தும்போது வீறிட்டாள். மாரெக் அவளைவிட அதிகமாக அழுதார். பெரியண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை, பந்தியில் மட்டும் உட்கார்ந்தார். எனக்கு மொட்டை. கத்தி இரண்டு இடத்தில் பட்டு எரிச்சல். சந்தனம்.

நாலு மணிக்குச் சம்பந்தியின் கால். பிள்ளையின் முடியைக் காட்டினார்கள், தடவித் தடவி. பிள்ளை அடுப்படிக்கு ஓடிவிட்டாள். என்னை அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் துண்டை எடுக்கப் போய் போனுக்கு முன்னால் அகப்பட்டுக்கொண்டேன்.

என்னையே பார்த்தார். ஏதோ கேட்டார். மாரெக் சொல்ல யோசித்தார். கார்த்திக்தான் சொன்னான். "உங்களுக்கு இத யாரு செஞ்சதுன்னு கேக்குறாருப்பா."

"நானாத்தான் போட்டுக்கிட்டேன்னு சொல்லு. சாமிக்கு."

அது அவருக்கு ஏறவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைப் போன் பக்கத்தில் கொண்டுவந்து, மறுபடி ஏதோ கேட்டார். ஆன்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க பேரு ஞாபகம் இருக்கான்னு கேக்குறாரு. மாத்திட்டாங்களான்னு கேக்குறாரு."

நிமிர்ந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. "சாமிநாதன். அப்பா பேரு முத்தையா. ஊரு மதுரை."

சொல்லிப் பார்த்தார். தப்பாகச் சொன்னார். திருத்தினேன். மறுபடி தப்பு. மூன்றாம் தடவை சரியாக வந்தது. பிறகு விரலை நீட்டி, இப்போது குழந்தையின் பெயரை நீங்கள் சொல்லுங்கள் என்றாராம்.

"ஸோஷா" என்றேன்.

அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.