இடப்பக்கம் சுழன்ற ஏணி

இல்லை மதினி, இன்னும் இடக்கைதான். கயிறு, சடை, காகிதம், எதைக் கொடுத்தாலும் உங்கள் மகள் உங்களைப் போலவே இடப்பக்கம் முறுக்குகிறாள். இன்று காலை என் பழைய குறிப்பேட்டிலிருந்து ஒரு நீளக் காகிதத்தை உருவி முறுக்கப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டேன். அதில் உங்கள் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது.

அந்தப் பொட்டின் பெயர் யுராசில்.

அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். கல்லூரியில் தற்காலிக ஆசிரியர் வேலைக்குக் கேட்டிருந்தேன். மறுநாள் மாதிரி வகுப்பு. தலைப்பு, டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும். கிடைக்காவிட்டால் பட்டாசுக் கம்பெனியில் பில் போட உட்கார வேண்டியதுதான் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கோ நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் வேலை பார்த்த திருத்தங்கல் அச்சகத்திலிருந்து ஒரு பை நிறையக் கழிவுத் துண்டுகளோடு வந்தீர்கள். காலண்டர் தாளின் ஓரத்தில், மை சரிபார்க்க அடிக்கும் நிறக் கட்டங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. வெட்டி எறிகிற ஓரம்.

"எங்க கம்பெனியில இந்த நாலு கலர்லதான் எல்லாச் சாமியும் வருது. ஒனக்கும் நாலுதானே வேணும்?"

நாலுதான். டி.என்.ஏ.வின் நான்கு காரங்கள், அதன் நான்கு எழுத்துகள். நீலத்துக்கு மஞ்சள் ஜோடி. சிவப்புக்குக் கறுப்பு. ஜோடி மாறாது. காலண்டர் கட்டும் பிளாஸ்டிக் நாடா இரண்டை நீட்டி, நடுவே ஜோடி ஜோடியாகப் படிகள் ஒட்டினோம்.

"இந்த ஏணி எங்கன இருக்கும்?"

"செல்லுக்குள்ள, உட்கருவுல. வெளிய வராது மதினி."

"வெளிய வராம எப்படி வேல நடக்கும்?"

"ஒரு பக்கத்தப் பாத்து நகல் எடுத்து அனுப்பும். ஒத்த இழை. அதான் ஆர்.என்.ஏ. அதப் படிச்சுத்தான் செல்லு புரதம் செய்யும்."

"அச்சுப் பிளேட்டு உள்ள, தாளு வெளிய. இதுக்கா ரெண்டு வருசம் எம்.எஸ்சி. படிச்ச?"

"சிரிக்காதீக. நகல்ல மஞ்சள் கெடயாது. அந்த எடத்துல யுராசில்னு வேற ஒண்ணு வரும்."

நகல் இழைக்கென்று ஒரு நீளக் காகிதம் வெட்டி வைத்திருந்தேன். நெற்றிப் பொட்டை எடுத்து அதில் ஒட்டினீர்கள். "இந்தா ஒன் யுராசில்." பிறகு ஏணியை வாங்கி, சரடு திரிப்பதுபோல ஒரே முறுக்கு.

மறுநாள் நான் மூன்று வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டேன். முதல் வரிசையில் இருந்த பேராசிரியர் கேட்டார். "ஏம்மா, இது எந்தப் பக்கம் சுத்துது?"

இடப்பக்கம். சுற்ற வேண்டியது வலப்பக்கம்.

தலைகீழாகத் திருப்பினேன். அப்போதும் இடப்பக்கம். மறுபடி திருப்பினேன். இடப்பக்கம்தான். ஒரு சுருளை எப்படிக் கவிழ்த்தாலும் அதன் திசை மாறாது என்பதை நான் கற்றது அங்கேதான். மாணவிகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்டியிருந்த நாக்கு விடுபட்டது.

"எங்க மதினி இடக்கைக்காரங்க சார். பிரிச்சு முறுக்கறேன்."

பிரித்தேன். பாதியில் கை நின்றது. நகல் எடுக்க ஒரு செல்லும் இப்படித்தான் முறுக்கைப் பிரிக்க வேண்டும். பிரிந்த இடத்தில் ஜோடிகளை விலக்கினேன். ஒரு பக்கத்தை ஒட்டிப் பொட்டு இழையை வைத்தேன். நீலத்துக்கு எதிரே உங்கள் பொட்டு. கடைசி பெஞ்சுவரை எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு இழையை எடுத்துவிட்டு, ஜோடிகளைச் சேர்த்து, வலப்பக்கமாக முறுக்கி மேசையில் வைத்தேன்.

வேலை கிடைத்ததைச் சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "எம் மேலயா பழியப் போட்ட?"

"ஆமா. ஆனா இடப்பக்கம் சுத்துற வகையும் அபூர்வமா உண்டு மதினி."

"அத அங்கன சொல்லாம வந்துட்டியே, ஏ புள்ள!"

அப்பாகூடச் சிரித்தார்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் மூன்று ஆண்டுகள். அண்ணன் மனைவி நீங்கள். உங்கள் மகளின் டி.என்.ஏ.வில் பாதி உங்களுடையது. என் செல்களில் உங்களிடமிருந்து வந்த ஓர் எழுத்தும் இல்லை.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்துக்கு, ஏணியை வேண்டுமென்றே இடப்பக்கம் முறுக்கி எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போகிறேன். யாராவது ஒருத்தி "மிஸ், தப்பா சுத்துது" என்று சொல்லும்வரை காத்திருப்பேன். பிறகு பிரிப்பேன்.

இந்த ஆண்டு அந்த வகுப்பு நாளைக்கு.

பொட்டு இழையைக் குறிப்பேட்டில் வைத்து மூடினேன். நாளைக்காகச் செய்த புது ஏணியை உங்கள் மகளிடம் கொடுத்து, முறுக்கச் சொன்னேன்.