அம்மா எதிர்வீட்டுக்குப் போகச் சொன்ன ஜீப்

துர்ஹால், 22 அக்டோபர் 1998

அன்புள்ள எர்தால் அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், சிரியா எல்லையில் நிற்கும் நீயும் நலமாக இருக்க அல்லாவை வேண்டுகிறோம். எப்போதும்போல அம்மா சொல்லச் சொல்ல இன்று சாயங்காலம் ஒரு கடிதம் எழுதி முடித்தேன். பட்டாளத்தில் இருக்கிற பிள்ளைக்கு நல்ல சேதிதான் போகணும், அதிகாரிங்க வேற பிரிச்சுப் படிப்பாங்க என்று அவள் பாதியைச் சொல்லவே இல்லை. அந்தப் பாதியை, அவள் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைய பார்சலில் கம்பளிக் காலுறைக்குள் திணித்துவிடுவேன். பார்சலையும் பிரிப்பார்கள்தான், காலுறைக்குள் கை விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். படித்ததும் எரித்துவிடு.

அடைக்கலம் கொடுத்திருக்கும் குர்து கிளர்ச்சித் தலைவரை சிரியா வெளியேற்றாவிட்டால் நம் துருக்கிப் படை உள்ளே போகும், நம் பொறுமை முடிந்துவிட்டது என்று இந்த மாதம் முழுக்க டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் எல்லோரும் கைதட்டியபோது அப்பா மட்டும், அங்க நிக்கிற பசங்களைக் கேட்டுட்டுத் தட்டுங்கடா என்றாராம். ஏன், அங்காராவுலேருந்து மந்திரிங்க உனக்கு போன் போட்டுக் கேக்கணுமா என்று கடைக்காரர் ஷாபன் சீண்டினாராம். ஓட்டுக் கேக்க வீடு தேடி வரத் தெரியுதில்ல, இதையும் வந்து கேக்கட்டும் என்று சொல்லிவிட்டு அப்பா டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார். யார் யார் காதில் விழுந்ததோ என்று எனக்கு இன்னும் பயம்தான். போன வெள்ளிக்கிழமை நம் கட்டடத்து வாசலில் ராணுவ ஜீப் ஒன்று நின்றது, பின்னாலேயே ஆம்புலன்ஸ். சாவுச் சேதி சொல்ல வரும்போது, தாய் மயங்கி விழுந்தால் தூக்கிப் போக ஆம்புலன்ஸையும் கூட்டி வருவார்களே, அதேதான் என்று நினைத்தோம். அம்மா தாழ்ப்பாளைப் போட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அவர்கள் தட்டியபோது, இங்க இல்லப்பா, எதிர்வீட்டு ஹாஜர் பையனும் சிப்பாய்தான், அங்க போங்க என்றாள். ஹாஜர் அத்தை எதிர்க் கதவைத் திறந்துகொண்டு நின்றதும், அது அவர் காதில் விழுந்ததும் கதவைத் திறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெளியே நின்ற சார்ஜென்ட், யக்கா, பட்டாளத்துக்கு வராம ஓடி ஒளிஞ்ச ருஸ்தமைத் தேடி வந்தோம், அவன் வீடு எது என்றார். ஆம்புலன்ஸ் வந்தது ரத்த அழுத்தம் ஏறிப்போன மாடிவீட்டு சஃபெத் மாமாவுக்கு. அம்மா கால்மிதியில் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள், பிறகு அந்த சார்ஜென்ட்டை உள்ளே இழுத்து வந்து சூப் குடிக்க வைத்துத்தான் விட்டாள். ஆனால் அதன்பிறகு ஹாஜர் அத்தை குரல் கேட்டாலே சமையலறைக்குள் போய்விடுவாள்.

அதானாவில் சிரியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, சண்டை இல்லை என்று நேற்று டிவியில் சொன்னார்கள். அம்மா கீரை வைத்து ஒரு தட்டு பொரெக் சுட்டு, சூடு ஆறுவதற்குள் எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனாள், பின்னால் நானும் போனேன். வாசலில் நின்றபடியே தட்டை நீட்டினாள். ஹாஜர் அத்தை தட்டை வாங்கிக்கொண்டு, உள்ள வாடி, என் கதவை முதல்ல தட்டியிருந்தா நான் மட்டும் உன் வீட்டைக் காட்டியிருக்க மாட்டேனா என்றார். அப்புறம் இருவரும் கட்டிக்கொண்டு அழுததில் பொரெக் ஆறிப்போனது, ஆலையிலிருந்து வந்த அப்பாவுக்கு ஓரத் துண்டுதான் கிடைத்தது.

குளிர்ந்த கல்லில் உட்காராதே, பனியனைக் கழற்றாதே என்று அம்மா சொல்வதை அவள் கடிதத்திலேயே படித்துக்கொள். அதில் இல்லாத ஒன்று சொல்கிறேன். இந்த மாதம் முழுக்க அவள் வெளியே போகும் உடுப்போடுதான் படுத்தாள், ராத்திரியில் சேதி வந்தால் அப்படியே ஓடத்தான். நேற்றுதான் இரவு உடையை எடுத்து மாட்டினாள். இப்போது குளியலறை வரைக்கும் அவள் குறட்டை கேட்கிறது.

அல்லா உன்னைக் காக்கட்டும். அம்மாவும் அப்பாவும் உன் கண்களை முத்தமிடுகிறார்கள், நான் உன் கைகளை. எரிக்க மறக்காதே.

உன் தங்கை,
செவின்ச்