நான்காம் படியில் ‘டப்’

நவம்பர் 3, திங்கள்

கூட்டம் ஏறினால் மட்டும் இந்த டிராம் ஏன் நான்காம் படியில் செத்துப்போகிறது? தெரியவில்லை. பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. வாங்கியவளுக்குத் தெரியவில்லை.

ஜப்பானில் ஓடித் தேய்ந்த ஒற்றைப் பெட்டி. இங்கே பர்மாவில், அலோன் பேட்டை ஆற்றங்கரையில் ஒரு கம்பெனி தண்டவாளம் போட்டுச் சுற்றுலாவுக்கு ஓட்டுகிறது. ஓட்டுநருக்கான குறிப்புத்தாளைப் பர்மியத்தில் எழுதிக் கொடுத்தது நான். ஓட்டுநர் மாஹிர் பாய், இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். கைப்பிடியைப் படிப்படியாகத் தள்ளினால் வேகம் கூடும். நேற்று பெட்டி நிறைய ஜனம். நான்காம் படிக்குத் தள்ளியதும் தலைக்கு மேலிருக்கும் பிரேக்கர் ஸ்விட்ச் ‘டப்’ என்று விழுந்து, கரண்ட் போய்விட்டது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகிய இந்த ஊரில் ‘டப்’ கேட்டால் ஆட்கள் யோசிப்பதில்லை, தரையில் படுத்துவிடுகிறார்கள். ஒரு அம்மாவுக்கு முழங்கையில் நல்ல அடி.

நவம்பர் 5, புதன்

மானேஜர் ஊ சோ லின் கண்டுபிடித்த வைத்தியம்: முகப்பில் மல்லிகையும், நல்லது நடக்கச் சாமிக்கு வைக்கும் தபியே இலையும். அறுநூறு வோல்ட்டுக்கு இலை!

நவம்பர் 9, ஞாயிறு

கூட்டம். மறுபடியும் ‘டப்’.

மாஹிர் பாயை வரும் வெள்ளியோடு நிறுத்தப்போகிறாராம் மானேஜர். “பஸ்காரன் கை, சயாமா. மிதிச்சே பழகினவன்.” சயாமா என்றால் டீச்சர், இங்கே எல்லோருக்கும் நான் அதுதான்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாயிடம் கேட்டேவிட்டேன், அவசரப்படுகிறீர்களா என்று.

“நானா? உங்க காகிதத்துல போட்டபடிதான் ஓட்டுறேன், சயாமா.”

எரிச்சலாக வந்தது. பழியைப் போட எல்லோருக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

நவம்பர் 12, புதன்

இன்று அவர் பின்னாலேயே நின்று போனேன். காலிப் பெட்டி, ஒரு குறையுமில்லை. ஆனால் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தித், நித் — பர்மியத்தில் ஒன்று, இரண்டு. உடனே அடுத்த படி.

“எதுக்கு எண்ணுறீங்க?”

“நல்லா கேட்டீங்க! ஒவ்வொரு படியிலயும் ரெண்டு எண்ணணும்னு நீங்கதானே எழுதுனீங்க? முதல் மாசம் மோட்டார் சத்தத்தை வச்சு ஓட்டுனேன். பாரம் இருந்தா முனகும். முனகல் தெளியிற வரைக்கும் நிப்பேன். அப்புறம் உங்க தாள் வந்துச்சு. படிச்சவங்க எழுதுனதை மீறுறதா?”

வீட்டுக்கு வந்து கம்பெனி தந்த மூலப் பிரதியைத் தேடி எடுத்தேன். ‘ஆம்பியர் முள் இறங்கும்வரை காத்திருக்கவும்.’ அவ்வளவுதான். எண்ணிக்கை எங்குமே இல்லை. அது என் கைச்சரக்கு. பஸ் டிரைவருக்கு முள் பார்க்க வராது என்று நானே முடிவுகட்டி — என்ன திமிர்!

பாரம் ஏறினால் வண்டி மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும். முள் இறங்கவும் நேரமாகும். அதற்குள் அடுத்த படி தள்ளினால் கரண்ட் எகிறாமல் என்ன செய்யும்? முதல் வருஷப் பாடம். ஐம்பத்தாறு வயசுல அந்த மனுஷனை இனி யாரு வேலைக்கு எடுப்பா?

நவம்பர் 13, வியாழன்

தப்பு என் தாளில்தான் என்று மானேஜரிடம் சொன்னேன். சிரித்தார். “படிச்சவங்களுக்கு மனசு இளகிடும், சயாமா. அவனைக் காப்பாத்தப் பாக்குறீங்க.”

உண்மையைச் சொன்னால் இரக்கமாம்! “நாளைக்கு முழுப் பாரத்தோடு நானே ஓட்டிக் காட்டுகிறேன், என் தாளில் உள்ளபடி” என்று சொல்லிவிட்டேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். இது தேவையா?

நவம்பர் 14, வெள்ளி

காலையில் பக்கத்துக் கிடங்கிலிருந்து அறுபது அரிசி மூட்டை ஏற்றினோம். கைப்பிடியைப் பிடித்தேன்.

“அவசரமில்ல, சயாமா. டீ சொல்லவா?” என்றார் பாய்.

இரண்டிரண்டாக எண்ணித் தள்ளினேன். நான்காம் படியில் ‘டப்’. திரும்பிப் பார்த்தால் ஊ சோ லின் மூட்டைகளுக்கு நடுவே குப்புறக் கிடக்கிறார். வெள்ளைச் சட்டை முழுக்க, வாயில் மென்றுகொண்டிருந்த வெற்றிலைச் சாறு.

அடுத்து பாய் ஓட்டினார். மூன்றாம் படியில் நின்றார். நான் மனதுக்குள் ஏழு எண்ணினேன். பிறகு நான்காம் படி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. தண்டவாளத்தின் கடைசிவரை போய்த் திரும்பினோம்.

“அப்போ யார் தப்பு?” சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார் மானேஜர்.

“என்னுடையது.”

பாயை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வேலைக்கு வரச் சொன்னார். என்னை இனி வர வேண்டாம் என்றார்.

மூட்டைகளை இறக்கி முடிக்கப் பத்தரை ஆனது.