ரசலையன் செய்த ஆணித்தட்டு

மார்த்தாண்டம்,
நவம்பர் கடைசி திங்கள்.

பாசமுள்ள தங்கச்சி பிளஸ்ஸிக்கு அக்கா ஜினி எழுதுவது. கடல் தாண்டிப் போன உன்னை ஜப்பானிலும் கைவிடாத கர்த்தர் இனியும் கூட இருப்பாராக. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ கவனிக்கிற முதியோர் இல்லத்துப் பாட்டிமார் எல்லாருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு காரியம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர டிக்கெட் எடுத்திருக்கிறாயே, அதை ரத்து செய். நீ வரக்கூடாது. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். முழுசும் வாசி, பாதியில் போனைக் கையில் எடுக்காதே.

ரெண்டு சனிக்கிழமையாக நீ ஜப்பான் முறையில் பூ அடுக்கப் பாடம் எடுக்க வீடியோவில் கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. தொண்டை கட்டியிருக்கு என்று மெசேஜ் மட்டும் போட்டேன். தொண்டைக்கு ஒரு எழவும் இல்லை. தாடை எலும்பு முறிந்துபோய், மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி போட்டுச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கஞ்சித் தண்ணியைக் குழாய் வைத்து உறிஞ்சுகிறேன். முறித்தவன் உனக்க மாப்பிள்ளை ஸ்டெனி.

இதைப் போனில் எழுதினால் அடுத்த நிமிஷம் முகத்தைக் காட்டு என்பாய். இந்த முகத்தைக் கண்டால் மறுநாளே விமானம் ஏறிவிடுவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் தபால். உன் அத்தான் ஷாஜனிடமும் உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவர் ஷார்ஜாவில் இருந்து லீவு கேட்டிருக்கிறார், வந்துவிடுவார். நீ அழுது முடித்து, முகம் கழுவி, யோசித்து ஒரு முடிவு எடு.

செப்டம்பரில் கன்வென்ஷன் நடந்தபோது ஸ்டெனி சபைக்கு முன்னால் முழங்கால் போட்டுச் சாட்சி சொன்னான் இல்லையா. குடியை விட்டுட்டேன், என் பெண்டாட்டியின் தோள் எலும்பை முறிச்ச பாவி நான் என்று அழுதான். அப்பாவும் சேர்ந்து அழுதார். அன்றைக்கே அப்பா உன்னைக் கூப்பிட்டு, பையன் திருந்திட்டான் மக்கா, நீ வந்து சேர்ந்து இரு என்றார். நீயும் இளகினாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஊரே இளகியது, எனக்கும் அரை மனசு இளகிக்கொண்டுதான் இருந்தது.

அவன் சொன்னது பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குடியை விட்டது நிஜம். என்னை அடித்த அன்றைக்கு அவன் வந்தபோது ஒரு சொட்டு குடித்திருக்கவில்லை. வாயில் ஏலக்காய் மிட்டாய் மணம்தான் அடித்தது. குடிதான் அவனை அடிக்க வைக்கிறது என்று இத்தனை வருஷம் நீயும் நானும் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டோமே ஏட்டி, அது பொய்.

நடந்ததைச் சொல்லுகிறேன். நம்ம பூக்குழு சபை ஹாலில் கூடியிருந்தது. நேசபாய் டீச்சர், அவர்களுடைய மருமகள், கொயரில் பாடுகிற பிள்ளைகள், எல்லாரும் உண்டு. ஞாயிறு ஆராதனைக்குப் பீடத்தில் வைக்கப் பெரிய ஒன்று செய்துகொண்டிருந்தோம். வானத்துக்கு ஒரு தண்டு, மனுஷனுக்கு ஒரு தண்டு, பூமிக்கு ஒரு தண்டு என்று நீ படிப்பித்ததை நம்ம டீச்சர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மாற்றி வைத்திருக்கிறார்களே, அதே முறைதான். நடுவில் உசரமாகக் கமுகம்பாளை, சாய்த்து ஒரு ஹெலிகோனியா, கீழே செம்பருத்தி. போன மாசம் ரப்பர் கொம்பை ஒடித்து வைத்து, பால் வடிந்து தண்ணீரெல்லாம் கட்டியாகி நாறிப்போன கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆணித்தட்டு உனக்கு நினைவிருக்கும். தண்டைக் குத்தி நிறுத்த நீ அனுப்பிய பித்தளைத் தட்டு ஒன்றுதானே இருந்தது. மற்றவர்களுக்கும் வேண்டும் என்று அதைப் பட்டறை ரசலையனிடம் கொண்டுபோனோம். அந்த மனுஷன் தேங்காய் உரிக்கிற பாரையும் வெட்டுகத்தியும் செய்கிற ஆள். நீ அனுப்பியதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன குண்டூசி, கமுகம்பாளையை இது தாங்குமா, நான் நல்ல உறப்பாச் செய்து தாறேன் என்றார். ஈயத்தை உருக்கி ஊற்றி, பெரிய இரும்பாணிகளைத் தலைகீழாக நட்டு, முனையை அரத்தால் ராவிக் கொடுத்தார். அக்கா, இதில் பூ குத்துவியளா ஆடு குத்துவியளா என்று நீ வீடியோவில் பார்த்துச் சிரித்தாய்.

ஸ்டெனி வெள்ளைச் சட்டை போட்டு, வேதப்புஸ்தகத்தோடு வந்தான். அக்கா, பிளஸ்ஸி என்னைக்கு வருகா, எந்த விமானம் என்று தேனாகக் கேட்டான். நான் திருவனந்தபுரம் போய்க் கூட்டிவந்து என் வீட்டில் வைத்துக்கொள்வேன், நீ அங்கே வந்து பாரு என்றேன். என் பெண்டாட்டியைக் கூட்ட நீ யாரு என்றான். சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வரட்டும், வந்த அன்றே பாஸ்போர்ட் அடுப்புக்குள் போகும், கால் ரெண்டையும் ஒடிச்சுப் போட்டா எந்த ஜப்பானுக்குப் போவாண்ணு பாப்போம் என்றான். இது நான் கூட்டிச் சொல்வது இல்லை. ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

வெளியே போலே எரப்பாளி என்றேன். வாயில் வந்துவிட்டது, வருத்தமும் இல்லை.

அடிக்கும் முன்னால் உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அறைவானே, அந்தச் சத்தத்திலேயே நீ சுவரோடு ஒட்டிப்போவாயே. அன்றைக்கும் அதே மாதிரி கையை ஓங்கினான். மேசையில் என் வேலை பாதியில் இருந்தது. ஆணி வெளியே தெரியக்கூடாது, அதுதான் முதல் பாடம் என்று நீ சொல்லித் தந்திருக்கிறாயே. தட்டைச் சேம்பிலை போட்டு மூடியிருந்தேன். அவன் அந்த இலைமேல் அறைந்தான்.

ஆணி முனைகள் புறங்கை வழியாக வெளியே வந்தன. பன்னி அறுக்கிற இடத்தில் கேட்கிற சத்தம் ஒன்று அவன் வாயிலிருந்து வந்தது. கையைத் தூக்கினான், தட்டும் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் முழங்கை வரை ஓடி மேசைத் துணியெல்லாம் சொட்டியது. எனக்கே ஐயோ என்று ஆகிவிட்டது பிளஸ்ஸி. பிடுங்கிவிடலாம் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

அப்போதுதான் அடித்தான். ஆணியைப் பிடுங்காமல், ஈயத்தோடு, அந்தக் கையாலேயே என் தாடையில் வீசினான். தனக்கு வலிப்பதுகூட அவனுக்குப் பெரிசாகப் படவில்லை, என்னை அடிப்பதுதான் பெரிசாக இருந்தது. எலும்பு முறிகிற சத்தம் காதுக்குள்ளே கேட்டது. கீழே விழுந்தேன். வயிற்றில் மிதித்தான், மறுபடியும் மிதித்தான். பல் ஒன்று நாக்குக்கு அடியில் கிடந்ததை மட்டும் தெளிவாக உணர்ந்தேன்.

பிறகு நம்ம பெண்கள் இறங்கினார்கள். தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன நேசபாய் டீச்சர், கொயரில்கூடச் சத்தம் உசத்தாதவர்கள், பூ வெட்டுகிற கத்தரியை அவன் தொடையில் குத்தி இறக்கினார்கள். மற்றவர்கள் வாளி, மண்சட்டி, அந்தூரியம் தொட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவன் தலையில் போட்டு உடைத்தார்கள். போலீஸ் வரும் வரைக்கும் மூன்று பேர் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வாய் நிறைய ரத்தத்தோடு கிடந்த எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்புவாயா?

இப்போது என்னவென்றால், அவனும் எங்கள் மேல் புகார் கொடுத்திருக்கிறான். ஆணியை இலைபோட்டு மறைத்துச் சதி செய்தோமாம். நேசபாய் டீச்சர் ஸ்டேஷனுக்கே கமுகம்பாளையும் இன்னொரு தட்டும் கொண்டுபோய், இன்ஸ்பெக்டர் மேசையில் தண்ணி ஊற்றி, பூ வைத்து, இலை மூடிக் காட்டிவிட்டு வந்தார்கள். ஆணி தெரிந்தால் அது பூ வேலையே இல்லை ஐயா என்று சொன்னார்களாம். ஸ்டெனிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வலது கை விரல் மடங்கவில்லை. இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, அதை நீ மறக்காதே.

சபையில் எங்களுக்கு ஹால் இல்லை என்று போதகர் சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் தப்பு உண்டு, பேசித் தீர்ப்போம் என்கிறார். இப்போது டீச்சர் வீட்டுக் கார் ஷெட்டில் குழு கூடுகிறது. ஒரு பெண்கூட விலகவில்லை. புதுசாக ரெண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பூ படிக்கவா வருகிறார்கள், கத்தரி பிடிக்கவா வருகிறார்கள் என்று தெரியவில்லை.

நெஞ்சு வலிக்கிற காரியம் இனிமேல்தான். நம்ம அப்பா ராஜையன், பெற்ற மகள் வாய் கட்டிக் கிடக்கும்போது, பாவம் அந்தப் பையனுக்குக் கை போச்சே என்று வெப்ராளப்படுகிறார். நீ வருகிறவரை உனக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். வந்து இறங்கியதும் உன்னை ஸ்டெனி பக்கத்தில் நிறுத்தி, மன்னிச்சேன் என்று உன் வாயால் சொல்ல வைத்தால் ரெண்டு புகாரும் தீர்ந்துவிடுமாம். நீ வரத் தயங்கினால், அக்காவுக்கு முடியவில்லை, கடைசியாக முகம் பார்க்க வா என்று கூப்பிடப் போகிறார். இதை என் கட்டில் பக்கத்தில் நின்றே போனில் ஸ்டெனியின் மாமாவிடம் சொன்னார். வாய் கட்டியிருந்தால் காதும் கட்டியிருக்கும் என்று நினைத்துவிட்டார் போல. கத்தலாம் என்றால் வாய் திறக்கவில்லை. கட்டில் சட்டத்தில் கையால் தட்டினேன். தண்ணி வேணுமா மக்கா என்று கேட்டார்.

அப்பாவை வெறுக்காதே. ஆனால் அவர் போனை எடுக்காதே.

உன்னைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை என்று நினைக்கிறாயா? இந்தக் கம்பியை எப்போது வெட்டுவார்கள், உன்னோடு எப்போது வாய் நிறையப் பேசுவேன் என்றுதான் நாளெல்லாம் கிடக்கிறேன். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் நான் நிற்பேன், டீச்சரும் கூட நிற்பார்கள். உன் தோள் எலும்பு முறிந்தபோது உனக்காகப் பேச யாரும் இல்லாமல் போனது. இப்போது இருக்கிறோம். அதற்கு நீ இங்கே வரவேண்டாம்.

கர்த்தர் உன்னைச் செட்டைக்குள் மூடிக் காக்கட்டும் என் மக்களே. நீ வேலை செய்கிற இல்லமும், உன் கையில் வாடாமல் நிற்கிற பூவும் உனக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். சனிக்கிழமை கூப்பிடு, போனை டீச்சர் பிடிப்பார்கள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழாமல் பாடம் எடு. யார் கூப்பிட்டாலும் வராதே. அக்காவுக்கு முடியவில்லை என்றாலும் வராதே. அக்கா செத்துப்போனாள் என்றே சொன்னாலும் வராதே. என் பெட்டிமேல் பூ வைக்க நம்ம குழுவில் ஆள் உண்டு, நீ நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறாய்.

உன் அக்கா,
ஜினி