உள்பக்கத்து ஐஸ்

மார்கழி 21, திங்கள்

பனி. எதிர்வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது, வீடு தெரியவில்லை. இடது முட்டி வலி. வேட்டி இரண்டு துவைத்தது, காயவில்லை.

மாலை ஆறுக்கு மகன் பாலாஜி போன். கனடாவில் அப்போது காலை. வேலைக்குக் கிளம்பிக் காருக்குள் உட்கார்ந்து பேசினான். முன் கண்ணாடியில் ஐஸ். வெளிப்பக்கம் என்றால் சரி, இது உள்பக்கம். பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுகிறான், தேங்காய்த் துருவல் மாதிரி மடியில் விழுகிறது. ஹீட்டர் போட்டு மீதி கரையக் கால் மணி. அந்தக் கால் மணி என்னோடு பேச்சு.

முன்னெல்லாம் ஞாயிறு மட்டும்தான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வைக்கிறேன். ஐஸ் பிடிக்க ஆரம்பித்து இரண்டு வாரம். வேலை நாள் ஒன்றுகூடத் தவறவில்லை.

மார்கழி 22, செவ்வாய்

செய்ய வேண்டியது: கேஸ் புக் பண்ண. கண் சொட்டு மருந்து. வாசல் பல்பு. மூன்றும் ஆகவில்லை.

ஐந்தரைக்கே முகம் கழுவிவிட்டுப் போன் பக்கத்தில். அம்மா வத்தக்குழம்பில் கடைசியாக என்ன போடுவாள் என்று பா. கேட்டான். வறுத்த வெந்தயப் பொடி, ஒரு சிட்டிகை, இறக்கும்போது. "உனக்கு எப்படித் தெரியும் நைனா, நீ வண்டியிலயே கெடப்பியே" என்றான். அவள் போன பிறகு நாலு வருஷமாக நான்தான் பொங்குகிறேன். கருகவிடாதே என்று மட்டும் சொன்னேன்.

அம்பாசடர் ஓட்டியபோது ஹீட்டர் இருந்ததா என்றான். எஞ்சின் சூடே காலைச் சுடும், ஹீட்டர் எதற்கு என்றேன். நிறையச் சிரித்தான்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "தெனம் யாராண்ட மாமா பேசிகினு கீறீங்க?" பிள்ளையிடம் என்றேன். "குடுத்து வச்சவரு. எம் புள்ள வேலூர்ல கீறான், மாசம் ஒரு போன் வராது."

மார்கழி 23, புதன்

டீ ஆற்றும்போது ஞாபகம் வந்தது. முதலாளி வீட்டுக் கல்யாணம், ஊட்டிக்குப் போனோம், இதே மார்கழி. மலை ஏற ஏறக் கண்ணாடி உள்ளே வெள்ளை. துடைக்கத் துடைக்க மூடியது. முதலாளி அம்மா அரக்குப் புடவை, இரண்டு முறை வாந்தி. பின் சீட்டுக்குக் கீழே மாலைகள், வாடாமல் இருக்க ஈரச் சாக்கில் சுற்றியது. சாக்கைத் தூக்கி டிக்கியில் போட்டேன். நாலு வளைவில் கண்ணாடி தெளிந்தது.

அப்படியானால் பா. காருக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. எப்படி வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜை. முதல் சொந்தக் கார், வீடியோ அனுப்பினான். பொட்டு, மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அதற்கு முன் நாலு கதவும் திறந்துவிட்டு வாளித் தண்ணீரை உள்ளேயும் ஊற்றிக் கழுவினான். நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆரணியில் முப்பத்தைந்து வருஷம் அப்படித்தான் கழுவினேன். அம்பாசடரில் தகரம், மேலே ரப்பர் மேட். மேட்டை உருவிப் போட்டால் பன்னிரண்டு மணி வெயிலில் அப்பளமாகக் காயும். அவன் காரில் கம்பளம், கம்பளத்துக்கடியில் பஞ்சு. அந்த ஊரில் வெயில் ஏது. பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது.

மாலை போன் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் இரண்டு நாளில் காய வைத்துவிடுவான். அங்கே காக்கா உண்டா என்று கேட்டேன். உண்டாம், நம் காக்காவைவிடப் பெரிசு. பதினெட்டு நிமிஷம்.

மார்கழி 24, வியாழன்

வாழைக்காய் வறுவல், உப்பு அதிகம். கேஸ் புக் பண்ணியாயிற்று. பா. போன், பதினைந்து நிமிஷம். இன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்கழி 25, வெள்ளி

எழுத்து கோணல்.

ஆறுக்குப் போன் இல்லை. ஆறரைக்கு வந்தது, ஆபீஸ் வாசலிலிருந்து. இன்று நேரமாகிவிட்டதாம். கண்ணாடியில் கை அகலம் சுரண்டிக்கொண்டு, அந்த ஓட்டை வழியாகப் பார்த்து ஓட்டிப் போயிருக்கிறான். நாயோடு ஒரு பொம்பளை ரோட்டில் இறங்கியது தெரியவில்லை. பிரேக் அடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. சிரித்துக்கொண்டு சொல்கிறான்: "ஒண்ணும் ஆவல நைனா. ஒரு சாண் கேப்ல நின்னுடுச்சு." வைத்துவிட்டான்.

திருப்பிப் போட்டேன். எடுக்கவில்லை. மூன்று தரம். பிறகு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன்: காரை எடுக்காதே, என்னைக் கூப்பிடு.

அரை மணியில் கூப்பிட்டான். கார் பக்கம் போகச் சொன்னேன்.

"டிரைவர் பக்கம் மேட்ட எடு. கம்பளத்த கையால அமுக்கு."

"தண்ணி வருது நைனா. சொதசொதன்னு கீது."

"ஆயுத பூஜைக்கு ஊத்தினியே, அதான்."

"நீதானே உள்ளயும் ஊத்தணும்னு சொன்ன?"

"ஆமாண்டா. நாந்தான் சொன்னேன்."

"எப்ப தோணுச்சு உனக்கு?"

இப்பத்தான் என்றேன்.

பொய். புதன்கிழமை காலையிலேயே தெரியும். அந்தப் பொம்பளை யாரோ, அந்த நாய் என்ன நிறமோ.

மார்கழி 26, சனி

பனி குறைவு. பா. படம் அனுப்பினான். கம்பளத்தைக் கழற்றிக் குளியலறையில் தொங்கவிட்டு, கீழே மின்சார ஹீட்டர். பஞ்சைப் பிழிந்ததில் முக்கால் வாளி. ஈரம் இழுக்கத் துணிப்பையில் உப்பு கட்டிக் கண்ணாடிக்கு அருகில் வைக்கச் சொல்லிப் பேசி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலுக்கு வந்தது.

மார்கழி 27, ஞாயிறு

சாப்பிட்டாயா. மாத்திரை போட்டாயா. கம்பளம் காய்ந்துவிட்டது, மாட்டிவிட்டானாம். இரண்டு நிமிஷம்.

வாசல் பல்பு மாற்றியது.

மார்கழி 28, திங்கள்

ஆறு மணிக்குப் படம் வந்தது, போன் இல்லை. உள்ளே இருந்து எடுத்த கண்ணாடி. ஒரு பொட்டு ஐஸ் இல்லை. ரோடு, வெள்ளை மரம், தூரத்தில் மஞ்சள் பஸ், எல்லாம் தெரிகிறது. விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஓரத்தில் ஸ்டியரிங், அதன் மேல் அவன் கட்டைவிரல்.

ஏழு வரை உட்கார்ந்திருந்தேன். கன்னியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

போனில் சார்ஜ் தொண்ணூற்று நாலு. குறையவே இல்லை.