கிளாத்திக்கு வைத்த விருந்து

சாமி,

உங்கள் தொட்டியில் கிளாத்தி மீனை விட்டார்கள். எங்களில் ஒருவரையும் கேட்காமல் விட்டார்கள். கேட்டால் வேண்டாம் என்போம் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. பூங்கா ஆபீசில் இதைக் கவனக்குறைவு என்கிறார்கள். நான் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. தவறு என்றே எழுதுகிறேன்.

எழுதுகிற விரலில் மட்டிச் சிப்பியின் வாடை அடிக்கிறது. சோப்பு போட்டாயிற்று, எலுமிச்சம்பழத் தோலும் தேய்த்தாயிற்று. போகவில்லை. போகவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இந்த வாடை வந்தால் நீங்கள் கே.கே. நகரில் என் வீட்டுக் குழாயடியில் நின்று முழங்கைவரை கை கழுவுவது தெரிகிறது. கழுவி முடித்ததும் மோந்து பார்ப்பீர்கள். பிறகு என் மூக்கருகே நீட்டுவீர்கள்.

"பாரும் ஓய், இன்னும் இருக்கா?"

இருக்கும். "இல்ல சாமி, சுத்தமா போயிருச்சு" என்பேன். அந்த நம்பிக்கையில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போவீர்கள். மாமி வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். பூங்காத் தொட்டிக்குப் போய்வந்தவர் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வந்து, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம் என்பது மாமி போட்ட சட்டம். கடைசிவரை அதில் அவர் ஒரு நாள்கூடச் சலுகை தரவில்லை. எனக்கு மாமியைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

மீன்களுக்கான இறாலும் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் நுழைய முடியாது. அதனால் அது என் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. வெங்காயத்தையே யோசித்து வாங்கும் குடும்பத்தில் பிறந்த நீங்கள் என் சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கத்தரியால் இறாலைப் பொடிப்பொடியாக நறுக்குவீர்கள். என் மனைவிக்கு அது பெரிய வேடிக்கை.

"எங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு பொடிசா வராதுங்க சாமி. இருந்து ஒரு வாய் ரசம் சாப்பிட்டுப் போங்க."

"சாப்பிடலாம்மா. கொத்தமல்லி மட்டும் வேற கத்தரியில நறுக்கிடுங்கோ."

நமக்குள் பழக்கம் வந்ததே சண்டையில்தான். நான் மன்னார்புரத்தில் டயர் கடை நடத்தியவன். வீடியோ பார்த்து, மீனைச் சாகவிட்டு, மறுபடி பார்த்துக் கற்றவன். நீங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்றபின் உலர்ந்த தீனி மட்டும்தான் என்று மாமிக்கு வாக்குக் கொடுத்து, வீட்டு ஹாலில் கடல் தொட்டி வைத்தவர். காதர் பாயின் மீன் கடையில் கடைசி உப்பு மூட்டை ஒன்று இருந்தது. தண்ணீரில் கரைத்தால் கடல் நீராக மாறும் உப்பு. நான் ஒரு முனையைப் பிடித்தேன், நீங்கள் மறுமுனையை. நான் விடுவதாக இல்லை. நீங்கள்தான் சிரித்தீர்கள். "பாதி பாதி பிரிச்சுக்கலாம் ஓய். நாம இப்படியே நின்னுண்டிருந்தா ரெண்டு பேர் மீனும் செத்துப்போயிடும்." அன்றைக்குப் பாதி மூட்டையோடு வீட்டுக்குப் போனதில் எனக்கு வருத்தம்தான். அடுத்த வாரம் நீங்கள் என் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள்.

பூங்காவின் மீன் கூடத்தில் அந்தப் பெரிய தொட்டி காய்ந்து கிடந்தது. உள்ளே துடைப்பமும் பெயிண்ட் டப்பாவும் வைத்திருந்தார்கள். ஆபீசுக்குப் போய்ப் பேசியது நீங்கள். கண்ணாடியும் கரண்டும் உங்களுடையது, கடல் எங்களுடையது என்றீர்கள். காதர் பாய் வந்தார், சமயபுரத்தில் லாட்ஜ் நடத்தும் தனலட்சுமி வந்தார், இன்னும் சிலர் சேர்ந்தார்கள். டிரம் டிரம்மாகச் சுத்திகரித்த தண்ணீரை நிரப்பி உப்பைக் கரைத்தோம். "காவேரி பாவம், கடலைத் தேடிண்டு அவ்வளவு தூரம் ஓடறா. நாம இங்கேயே பண்ணிண்டிருக்கோம்" என்று துடுப்பு போடுவதுபோல் கலக்கினீர்கள். கல் பவளத்தைத் தொடச் சட்டம் இடம் தராது. ஆகவே தண்ணீரில் மெத்தென்று ஆடும் வகைகளில், அவரவர் வீட்டுத் தொட்டியில் வளர்ந்ததிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து நடுவதென்று முடிவு.

ஆனால் உடனே நட முடியாது. கல்லை அடுக்கி, தண்ணீர் பக்குவப்படும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்தவர்கள் வெறும் கல்லைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். ஒருவர் நேராகவே கேட்டார். "என்ன சார், மீனே இல்ல? கல்லப் பாக்கவா டிக்கெட்டு?"

"மலைக்கோட்டைக்கு எதுக்கு ஏறினீர்? கல்லப் பார்க்கத்தானே இந்த ஊருக்கே வரா."

நீங்கள் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். நான் சொல்லியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

பிறகு மீசைக்காரி வந்தாள். சிவப்பு உடம்பில் முதுகோடு ஒரு வெள்ளைக் கோடு, நீண்ட வெள்ளை மீசை. மற்ற மீன்களின் செவுளையும் வாயையும் சுத்தம் செய்து பிழைக்கும் இறால். நீங்கள் கையை விட்டால் ஓடி வந்து விரலில் ஏறி நகக்கண்ணைக் கொத்துவாள். அன்றோடு இறால் நறுக்குவதை நிறுத்திவிட்டீர்கள். "இவ கண்ணு முன்னாலயே இவ பங்காளியை வெட்டிப் போடச் சொல்றீரே, நன்னா இருக்கா ஓய்?" என்றீர்கள். மட்டிச் சதை போடலாம் என்று தீர்ப்பானது. அதுவும் உயிர்தானே சாமி என்றேன். "அதுக்கு மீசை இல்லையே" என்றீர்கள். இன்றுவரை இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

இப்போது கிளாத்திக்கு வருகிறேன். உள்ளங்கை அகலம், கிளிஞ்சலையே உடைக்கும் பல். ஒரு பெரிய மனிதர் வீட்டில் வளர்ந்து, வீட்டுத் தொட்டி போதாமல் போனது. நீங்கள் போனபின் அன்பளிப்பு என்று பலகை எழுதி நம் தொட்டியில் இறக்கிவிட்டார்கள். அந்த வாரத்திலேயே நத்தைகளின் வெற்று ஓடுகள் மணலில் கிடந்தன. நத்தை ஓட்டில் குடியிருக்கும் துறவி நண்டு ஒன்றும் மிஞ்சவில்லை. மீசைக்காரியைக் காணவில்லை. நீங்கள் அடுக்கிய கல் வளைவுக்குக் கீழே இரண்டு வெள்ளை மீசைக் கோடுகள் தெரிவதுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால் இருக்காது.

புதிதாக வந்த அலுவலர் நல்ல பிள்ளைதான். பயந்த பிள்ளை. "குடுத்தவரு பெரிய இடம் சார். எடுத்தா என்னைக் கேப்பாங்க" என்றார்.

"எடுக்காட்டி நான் கேப்பேன். அவரு வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு. நான் தினமும் வருவேன்."

வந்தேன். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோய்த் தொட்டி முன்னால் போட்டேன். முறையாக டிக்கெட் எடுத்துத்தான் உட்கார்ந்தேன். வந்த ஒவ்வொருவரிடமும் நத்தை ஓட்டைக் காட்டி, இது யார் வேலை என்று சொன்னேன். கடைசியில் அலுவலர் கையெடுத்துக் கும்பிட்டார். "பிடிச்சா எடுத்துக்கங்க சார். கல்லை மட்டும் கலைக்கக் கூடாது." கல்லைக் கலைக்காமல் அந்தத் தொட்டியில் மீன் பிடிக்க முடியாது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நான் வலையோடு போனேன். சட்டை நனைந்ததுதான் மிச்சம். கல் சந்திலிருந்து கிளாத்தி ஒற்றைக் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது. அப்போதுதான் உங்கள் நீல மீன் நினைவுக்கு வந்தது.

கடையில் தனியாக நின்றது, பார்க்கப் பாவமாக இருந்தது என்று நீங்கள் வாங்கி வந்து விட்டீர்களே, அது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மறுநாளே தொட்டியில் இருந்த அத்தனை மீனையும் மூலைக்குத் துரத்திவிட்டது. அன்றும் நான் வலையைத்தான் தூக்கினேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "பிடிக்காதீர் ஓய். விருந்துக்குக் கூப்பிடும்."

தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினீர்கள். உள்ளே போன மீனுக்கு வெளியே வரத் தெரியாது. வெட்டிய விளிம்பு கீறக்கூடாது என்று மெழுகுவர்த்தியில் காட்டி மழுக்கினீர்கள். முதலில் கோமாளி மீன்கள் ஜோடியாகப் போய் மாட்டின. வெளியே விட்டோம், திரும்பவும் போயின. "கூப்பிட்டவனைத் தவிர எல்லாரும் வந்தாச்சு. சரியான கல்யாண வீடு" என்றீர்கள். பிறகு கழுத்தைக் கழற்றிவிட்டு, வெறும் பாட்டிலில் தினமும் தீனி வைத்தீர்கள். நீல மீனுக்கு அதுவே சாப்பாட்டு அறையாகப் பழகியது. பழகிய பிறகு ஒரு நாள் கழுத்தைச் செருகினீர்கள். அவ்வளவுதான்.

அந்தப் பாட்டிலைப் பரணிலிருந்து எடுத்தேன். கிளாத்தியின் மூக்குகூட அதில் நுழையாது. ஆகவே குடிதண்ணீர் கேன் ஒன்றை வாங்கி வாயை அகலமாக வெட்டினேன். மெழுகுவர்த்தியில் காட்டினேன். உங்கள் அளவுக்குச் சீராக வரவில்லை. வாய்க்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு தூண்டில் நூல். நூலை இழுத்தால் மூடி விழும். கல் கட்டி உள்ளே இறக்கி, மட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கிளாத்தி முதலில் கேனையே கடித்துப் பார்த்தது. பிறகு தலையை மட்டும் நீட்டி ஒரு வாய் எடுத்துக்கொண்டு ஓடியது. நான் நூலைத் தொடவில்லை. நாள் போகப்போக அலுவலரும் தன் நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு எவ்வளவு தூரம் போச்சு சார்?" என்று காலையில் வந்ததும் கேட்பார். "செவுள் வரைக்கும்" என்பேன். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே பிரித்தார். தயிர்சாதத்தில் எனக்கும் பாதி வைத்தார். நீங்கள் சொன்ன விருந்து மீனுக்கு மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்கு எட்டியது.

நான் டீ குடிக்கப் போன நேரத்தில் கிளாத்தி வாலோடு உள்ளே போய்விட்டது. அலுவலர் நூலை இழுத்துவிட்டார். "சார், மாட்டிக்கிச்சு சார்" என்று டீக்கடைவரை ஓடிவந்தார். அத்தனை நாள் உட்கார்ந்தது நான், இழுத்தது அவர். இது தனிக் குறை. இதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கிளாத்தியைப் பக்கத்திலேயே தனித்தொட்டிக்கு மாற்றினோம். அன்பளிப்புப் பலகையும் கூடவே போனது. அலுவலருக்கு நிம்மதி. ஆனால் மீசைக்காரி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. காதர் பாய் மெதுவாகச் சொன்னார்: "மனசத் தேத்திக்கங்கண்ணே. கிளாத்தி பல்லுக்கு இறால் தப்பாது." நான் தேற்றிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமி போன் செய்தார். "அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினப்புறம் கொல்லைக் கதவைத் திறக்கவே இல்லை. தாழ்ப்பாள் துருப்பிடிச்சுக் கிடக்கு. அப்படி என்னதான் இருக்கு அந்தத் தொட்டியில? ஒரு நடை பார்க்கணும்" என்றார். நீங்கள் இருந்தவரை ஒரு நாளும் வராதவர். தனலட்சுமிதான் காரில் அழைத்துவந்தார்.

மாமி கண்ணாடியோடு கண்ணாடியாக நின்று பார்த்தார். "அவர் கையை எங்கே விடுவார்?" என்று கேட்டார். படிமேல் ஏறச்சொல்லி, கல் வளைவுக்கு மேலே இடத்தைக் காட்டினேன். வளையலை மேலே ஏற்றிக்கொண்டு கையை விட்டார். வளைவுக்குக் கீழிருந்து முதலில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சிவப்பாக, முழுசாக, மீசைக்காரி வந்து மாமியின் மோதிர விரலில் ஏறினாள்.

"கூசறது" என்றார் மாமி. கையை எடுக்கவில்லை. "இவளைப் பார்த்துட்டு வந்துதான் தினமும் கொல்லையில நின்னு குளிச்சாரா?"

ஆமாம் என்றேன். தனலட்சுமி அழுதுகொண்டே சிரித்தார். அலுவலர் என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்திருந்தது.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பாட்டிலும் விருந்து என்ற ஒரு வார்த்தையும். பாட்டில் சிறியது, இனி பரணிலேயே இருக்கும். வார்த்தையை வைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன். அலுவலர் இனி எங்களைக் கேட்காமல் ஒரு மீன் முட்டையைக்கூட உள்ளே விடக் கூடாது. காதர் பாய் புது நத்தைகள் கொண்டுவர வேண்டும், மனசைத் தேற்றிக்கொள்ளும்படி யாருக்கும் சொல்லக் கூடாது. தனலட்சுமி கண்ணாடி துடைக்க வேண்டும், பெருத்துப்போன பவளத்தை வெட்டிவிட வேண்டும். தண்ணீர் மாற்றுவதும் மட்டி நறுக்குவதும் நான். சனிக்கிழமை தீனி வைப்பது மாமி. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இடுக்கியால் வைக்க வேண்டும், விரலால் அல்ல. வைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் வாசல் வழியாக நுழையக் கூடாது. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு, கொல்லைக் கதவைத் திறந்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். சட்டம் அவர் போட்டது.