ஹில்டாவின் வாரிசு

மசாக்கா
பிப்ரவரி 3

அன்புத் தங்கை நன்யோங்காவுக்கு,

அக்கா நபவேசி எழுதுவது. நீயும் உன் இருமலும் சுகம்தானே? போனை அணைத்து வைத்திருக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. மணி அடித்தாலே என் நெஞ்சு கயிறு அறுந்த வாளி மாதிரி கிணற்றில் இறங்கிவிடுகிறது. அதனால் பழையபடி கடிதம். நம் ஊர் வண்டி ஓட்டுகிற லுபோவா இதைக் கம்பாலாவுக்குக் கொண்டுவருவான். பதிலையும் அவனிடமே கொடுத்துவிடு.

இதயம் இப்போதெல்லாம் நடந்துகொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று நின்று யோசிக்கிறது. பள்ளிக்கூடச் சீருடை தைக்க உட்கார்ந்தால், அது நிற்கும்போது மெஷினை மிதிக்கிற என் காலும் நின்றுவிடுகிறது. தையல் கோணல்மாணலாகப் போகிறது. பாதி நோய், பாதி பயம் என்கிறார் டாக்டர். எது எந்தப் பாதி என்று தெரியாமல் மணிக்கட்டில் விரலை வைத்தபடி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் நடுவில் ஆபரேஷனாம். பேஸ்மேக்கர் வருகிறது. புதியது இல்லை. வெளிநாட்டில் இறந்துபோன ஒருவர் நெஞ்சிலிருந்து எடுத்து, சுத்தம் செய்து, சோதித்து அனுப்புகிறார்களாம். நன்றாக ஓடும் என்கிறார்கள், அதை நம்புகிறேன். ஆணுடையதா பெண்ணுடையதா என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நீயே சொல். அந்த மனிதருக்குக் கடைசிச் சடங்கு நடந்ததா? வாரிசை நிறுத்தி, மரணத்தை வீட்டை விட்டு வெளியேற்றினார்களா? நம் அப்பாவுக்குச் சடங்கு தள்ளிப்போன வருஷம் அது எப்படி வீட்டுக்குள்ளேயே உலாவியது என்று நீயும் பார்த்தவள். முதலில் மாடு, பிறகு கன்று, பிறகு பெரியண்ணன். அதை நான் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்துக்கொள்ளவா? ஆஸ்பத்திரியில் போய் விசாரி. தெரியாமல் நான் அந்த மேஜையில் படுக்க மாட்டேன்.

உன் அக்கா,
நபவேசி

*

கம்பாலா
பிப்ரவரி 9

என் அருமை அக்காவுக்கு,

கடிதம் படித்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு வருஷமாக உனக்காக ஆஸ்பத்திரி வாசலில் தவம் கிடந்தவள் நான். வருகிற சீதேவியைப் பார்த்து "உன் குலம் என்ன, கோத்திரம் என்ன" என்று கேட்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா?

நான் சமையல் செய்கிற வீட்டு மேடத்தைப் பார். எழுபது வயதில் தோட்டத்தில் தானே குழி வெட்டுகிறார், படி ஏறி மாங்காய் பறிக்கிறார். உனக்கு ஐம்பத்திரண்டுதான். நீ எழுந்து நடமாட வேண்டாமா? டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன். இப்போது சொல்கிறேன். உன் இதயம் ஒருநாள் யோசிக்க நின்றால் நின்றதுதான்.

மாத்திரையை விடாதே. வாழைக்காயை மசித்தாவது சாப்பிடு. கிறுக்குத்தனத்தை விடு.

தங்கை,
நன்யோங்கா

*

மசாக்கா
பிப்ரவரி 17

அன்புத் தங்கைக்கு,

நீ திட்டியது நியாயம். ஆனால் திட்டுவதற்கு நேரம் கடந்துவிட்டது. அவள் வந்துவிட்டாள்.

பெண்தான். செவ்வாய்க்கிழமை பகலில், அடுப்படியில் நிலக்கடலை இடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். பக்கத்து வீட்டு ரூத் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து, "ஊசியை உடைச்சுடாதேடி" என்று குரல் கொடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. ஒரே சீராக, ஒரு மிதி கூடத் தப்பாமல் ஓடிற்று. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. மிதி மட்டும் மெல்ல ஆடி நின்றது. நான் கோணலாக விட்டுவைத்த சட்டைக் கையில் நூல் பிடித்த மாதிரி ஒரு தையல். என் கையால் அப்படித் தைத்து இரண்டு வருஷமாகிறது.

அதற்குப் பிறகு இரண்டு முறை முதுகைப் பார்த்தேன். உயரம், குட்டை முடி, நீலத்தில் ஏதோ மேலாடை. திரும்பவே இல்லை. பேஸ்மேக்கர் இன்னும் கப்பலில் இருக்கிறதோ எங்கே இருக்கிறதோ, அவள் முந்திக்கொண்டு இடம் பார்க்க வந்திருக்கிறாள்.

எனக்குப் பயம் என்று சொல்லத் தேவையில்லை. சாவுக்குப் பயம், அதைவிட இவளைத் தெரியாமல் உள்ளே விடுவதற்குப் பயம். பெயர் மட்டும் விசாரித்துச் சொல். அவள் ஊரில் செய்யாததை நாம் இங்கே செய்துவிடலாம். அவள் பொருள் எனக்கு வருவதால் நானே வாரிசாக நிற்கிறேன். அத்தையிடம் கேட்டேன், செய்யலாம் என்றாள். பெயர் இல்லாமல்தான் செய்ய முடியாது.

அக்கா

*

கம்பாலா
பிப்ரவரி 24

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லவே கூடாது என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டதில் ஒரு நர்ஸ் காதோடு சொன்னாள். நீ சொன்னது சரி, பெண்தான். எழுபது வயது. பெயர் ஹில்டா.

போதுமா? அத்தையைக் கூப்பிட்டு ஆக வேண்டியதைச் செய். செய்துவிட்டு மார்ச் பன்னிரண்டாம் தேதி லுபோவா வண்டியில் ஏறவில்லை என்றால் நானே வந்து உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவேன்.

நன்யோங்கா

*

மசாக்கா
மார்ச் 6

என் தங்கமான தங்கைக்கு,

உனக்குக் கோடிப் புண்ணியம். ஞாயிற்றுக்கிழமை காலை சடங்கு முடிந்தது. நீ இல்லாததுதான் குறை.

யாரென்று தெரியாத ஒருத்திக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று முதலில் ஊரே சிரித்தது. பிறகு பறை அடித்ததும் எல்லாரும் வந்துவிட்டார்கள். வாழைப்பழச் சாராயம் போதவில்லை. எனக்கு மரவுரி போர்த்தி வாசற்படியில் நிறுத்தினார்கள். அத்தை என் கையில் வாரிசுக்குரிய கத்தியையும் கூடையையும் கொடுத்து, நம் பெரியம்மாவுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள்:

"ஹில்டா செத்துட்டா. இனிமே இவதான் ஹில்டா. சாவே, நீ வந்த வழியில போ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாரிசு என்றால் சும்மாவா? இப்போது ரூத்கூட வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "ஹில்டா, உப்பு இருக்கா?" என்று கேலி செய்கிறாள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒன்றுதான் மனதில் உறுத்துகிறது. கூட்டத்துக்குப் பின்னால், வாழைகளுக்கு நடுவே, அதே நீல மேலாடையோடு அவளும் நின்றாள். அத்தை பெயரைச் சொன்னபோது எல்லாரும் நிமிர்ந்தார்கள், அவள் மட்டும் அசையவில்லை. யாரையோ சொல்கிறார்கள் என்பது மாதிரி நின்றாள். காது மந்தமோ என்னவோ.

பன்னிரண்டாம் தேதி வருகிறேன். ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொள்.

அக்கா

*

மசாக்கா
ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

வீடு வந்து சேர்ந்து நாலு நாளாயிற்று. தையல் ஆறிவருகிறது. ஆஸ்பத்திரியில் நீ என் காலைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பார்த்தேன்.

நெஞ்சு ஒழுங்காக நடக்கிறது. மணிக்கட்டில் விரல் வைப்பதையே மறந்துவிட்டேன். நேற்று ஆறு சட்டைகள் தைத்தேன், எல்லாம் நேர்த் தையல். உட்கார்ந்து சாப்பிடுகிறேன், படுத்துத் தூங்குகிறேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் அவள் போகவில்லை. நான் தைக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறாள். இப்போது முகம் தெரிகிறது. எழுபது இல்லை, நாற்பதுகூட இருக்காது. பயம் விட்டுப்போனதால் துணிந்து கேட்டேன்: "ஹில்டா, இன்னும் என்னம்மா வேணும் உனக்கு?"

தலையை ஆட்டினாள். கோபமாக இல்லை. தன் நெஞ்சில் விரலை வைத்து, இல்லை என்று மறுபடி ஆட்டினாள். நன்யோங்கா, அவள் ஹில்டா இல்லை.

அப்படியானால் நாம் யாருடைய சாவைச் சொல்லி முடித்தோம்? நான் யாருக்கு வாரிசு? நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் கடிதத்தைச் சுருக்கமாக எழுதுவாய். பெயரை எழுதி அனுப்பிய கடிதம் சுருக்கமாக இருந்தது. ஹில்டா யார் என்று உண்மையைச் சொல்.

அக்கா

*

கம்பாலா
ஏப்ரல் 8

அக்கா,

அந்த வாரம் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நீ செத்துவிடுவாய் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது ஒரு பெயர் வேண்டும், வெளிநாட்டுப் பெயராக இருக்க வேண்டும். சமையலறையில் நின்றுகொண்டு எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே மேடம் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாயில் வந்த பெயரை எழுதிவிட்டேன்.

மேடத்தின் பெயர்தான் ஹில்டா. உயிரோடு இருக்கிறார், அக்கா.

நீ சடங்கு செய்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். வெயில் என்று நினைத்தேன். அதிலிருந்து படி ஏறுவதில்லை. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். உன்னைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. நேற்று என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "நிக்குது பாரு, நன்யோங்கா. நின்னு யோசிக்குது" என்றார். எனக்கும் தெரிந்தது. டாக்டர் வந்தார், வயது என்றார், மாத்திரை எழுதினார்.

அதுகூடப் பரவாயில்லை. இன்று காலை அவருடைய சிநேகிதி வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்று "ஹில்டா, ஹில்டா" என்று கூப்பிட்டாள். மேடம் திரும்பவே இல்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்து, "யாரைக் கூப்பிடறாங்க?" என்று கேட்டார்.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. ஆனால் வா. அத்தையையும் அந்தக் கத்தியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு லுபோவாவின் முதல் வண்டியில் வா. பெயர் இப்போது உன்னிடம்தான் இருக்கிறது. மேடத்தின் எதிரே நின்று அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. கொடுத்தால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்காமல் உன்னை வரச் சொல்கிறேனே என்று எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

போனை ஆன் செய்து வை. இனி மணி அடித்தால் உனக்கு ஒன்றும் ஆகாது. இங்கே மணி அடித்தால்தான் எனக்கு நெஞ்சு இறங்குகிறது.

உன் தங்கை,
நன்யோங்கா